பெரிய ட்ரவுட்டும் சால்மனும் நழுவிப் போகிறதா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

ஒன்டாரியோ ஏரியின் வடகரையில் வந்து விழும் ஆறுகளில் ஆகஸ்ட் கடைசியில் ஷினூக் சால்மன் ஏறத் தொடங்கும். செப்டம்பர் முழுக்க அதன் காலம். அக்டோபர் நடுவில் அடங்கிவிடும். அது இடும் முட்டையைத் தின்னப் பின்னாலேயே ஸ்டீல்ஹெட் வரும். ஏரியில் வளர்ந்து ஆற்றுக்குத் திரும்பும் ரெயின்போ ட்ரவுட்டுக்குத்தான் அந்தப் பெயர். இலையுதிர் காலத்தில் ஓரளவு வரும், பனி உருகும் மார்ச், ஏப்ரலில் நிறைய வரும். கிரெடிட், ஹம்பர், டஃபின்ஸ், போமன்வில், கனராஸ்கா என்று டொரோண்டோவிலிருந்து காரில் போய்த் திரும்பக்கூடிய தூரத்தில் இத்தனை ஆறுகள் இருப்பது பெரிய கொடுப்பினை. தூண்டிலோடு நிற்பவர்களில் நம் ஆட்களும் இப்போது நிறையவே இருக்கிறார்கள்.

இங்கே 15, 20 பவுண்டு ஷினூக் அபூர்வம் அல்ல. ஸ்டீல்ஹெட் பெரும்பாலும் 5 முதல் 10 பவுண்டுக்குள் இருக்கும், ஆனால் ஓட்டத்தில் சால்மனையே மிஞ்சும். மாட்டுவதற்கு மாட்டுகிறது, கரைக்குத்தான் வந்து சேர மாட்டேன் என்கிறது. இந்தக் குறை சொல்லாத ஆள் இல்லை. உடனே எல்லோரும் குற்றம் சொல்வது கோலைத்தான். “ராடு பத்தாது, இன்னும் தடியா ஒண்ணு வாங்கணும்” என்று கடைக்குப் போகிறார்கள். பல சமயம் அந்தத் தடித்த கோலால் இழப்பு கூடத்தான் செய்யும். மீன் போனதற்கான காரணம் திரும்பி வந்த தூண்டில் நரம்பின் நுனியில் இருக்கிறது. கடைக்குப் போகுமுன் அதைப் படித்துவிட வேண்டும்.

மீன் போனதும் கை பரபரக்கும், அடுத்த முள்ளை எடுத்துக் கட்டத் தோன்றும். ஒரு நிமிடம் பொறுங்கள். நரம்பைச் சுற்றி எடுத்து, நுனியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். பிறகு கடைசி மூன்றடியை ஆள்காட்டி விரலுக்கும் கட்டைவிரல் நகத்துக்கும் நடுவில் வைத்து மெல்ல உருவுங்கள். பார்த்ததையும் விரலில் பட்டதையும் வைத்துக் கீழே உள்ளவற்றில் உங்களுடையது எது என்று கண்டுபிடியுங்கள்.

நுனி பன்றிவால் மாதிரி சுருண்டு வந்தது

முடிச்சு நழுவியிருக்கிறது. கோல், ரீல், மீனின் எடை எதற்கும் இதில் பங்கில்லை. நரம்பு தன் மேலேயே உரசி வழுக்கி வெளியேறும்போதுதான் இந்தச் சுருள் விழும்.

காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று. சுற்று போதாமல் கட்டியிருப்பீர்கள், இறுக்கும் முன் நனைக்காமல் விட்டிருப்பீர்கள், அல்லது முடிச்சின் வாலை ஒட்ட நறுக்கியிருப்பீர்கள். ஃபுளோரோகார்பன் நரம்பு உலர்ந்தபடி இறுக்கினால் உரசல் சூட்டில் பலவீனமாகிவிடும். எச்சில் தொட்டு, மெதுவாக, ஒரே சீராக இறுக்குங்கள். முடிச்சின் சுற்றுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் வரிசையாக உட்கார்ந்திருக்க வேண்டும். கோணலாக உட்கார்ந்தால் அறுத்துவிட்டு மறுபடி கட்டுங்கள். குளிரில் விரல் மரத்திருக்கும்போது இது எரிச்சலான வேலைதான், ஆனாலும் செய்தே ஆக வேண்டும்.

முள்ளுக்குப் பாலோமார் முடிச்சைப் பரிந்துரைப்பேன். கட்ட எளிது, விரல் மரத்திருந்தாலும் பிசகாது. ரீலில் சுற்றும் பின்னல் நரம்பை (பல இழை சேர்த்துப் பின்னியது) லீடரோடு, அதாவது முள்ளுக்கு முன்னால் கட்டும் நரம்புத் துண்டோடு, இணைக்க இரட்டை யூனி முடிச்சு போதும். எஃப்ஜி முடிச்சு இன்னும் மெலிதாகக் கோலின் வளையங்களுக்குள் வழுக்கிப் போகும், ஆனால் அதை வீட்டு மேசையில் உட்கார்ந்து பழகிக்கொண்டுதான் ஆற்றுக்குப் போக வேண்டும். பின்னல் நரம்பு வழுவழுப்பானது, ஆகவே எந்த முடிச்சானாலும் சாதாரண நைலானைவிடச் சில சுற்றுகள் கூடுதலாகப் போடுங்கள்.

நுனி வெளுத்து, சொரசொரப்பாக இருக்கிறது

கல்லில், மரவேரில், அல்லது மீனின் பல்லில் உரசியிருக்கிறது. ஆற்றில் ஏறிய ஆண் ஷினூக்கின் தாடை கொக்கி போல வளைந்து, பற்கள் பெரிதாகிவிடும். ஒரு தடவை தலையை உதறினாலே லீடரின் கடைசி அங்குலங்கள் சீவப்பட்டுவிடும்.

ஒவ்வொரு மீனுக்குப் பிறகும், முள் கல்லில் மாட்டி விடுபட்ட ஒவ்வொரு முறையும் அந்த மூன்றடியை நகத்தால் உருவிப் பாருங்கள். சிறு நெருடல் தட்டுப்பட்டாலும் அங்கிருந்து வெட்டி எறிந்துவிட்டு மறுபடி கட்டுங்கள். லீடர் கொஞ்சம் வீணாவதைப் பார்த்தால் ஆகாது.

சொரசொரப்பு லீடரில் இல்லாமல் பல அடி தள்ளி மேலே இருந்தால் கோலின் வளையங்களைச் சந்தேகப்படுங்கள். வளையத்துக்குள் இருக்கும் பீங்கான் உள்வட்டத்தில் மயிரிழை விரிசல் விழுந்தால் கண்ணுக்குத் தெரியாது, நரம்பை மட்டும் கத்தி போல அறுத்துக்கொண்டிருக்கும். காது துடைக்கும் பஞ்சுக்குச்சியை ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் சுழற்றுங்கள். எங்கே பஞ்சு இழை சிக்குகிறதோ அந்த வளையத்தை மாற்ற வேண்டும். நுனி வளையத்தில்தான் இது அதிகம், ஏனென்றால் சுவரில் சாத்தும்போதும் காரில் ஏற்றும்போதும் அடி வாங்குவது அதுதான்.

முதல் ஓட்டத்திலேயே ‘டப்’ என்று அறுந்தது, நுனி சுத்தமாக இருக்கிறது

இதுதான் மிக அதிகமாக நடக்கும் இழப்பு. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

மாட்டிய மீன் ஒன்றிரண்டு விநாடி ஒன்றும் நடக்காதது போல நிற்கும், அப்புறம் ஒரே பாய்ச்சல். அந்த நேரத்தில் ரீல் நரம்பை விட்டுக்கொடுக்க வேண்டும். விட்டுக்கொடுக்கும் அளவைத் தீர்மானிப்பது ரீலில் திருகி வைக்கும் தடுப்பான டிராக். அது இறுகியிருந்தால் முழுச் சுமையும் லீடரின் முடிச்சில் இறங்கும்.

ஊரில் கடலோரத்தில் கைநரம்பில் மீன் பிடித்துப் பழகியவர்களுக்கு இது இன்னும் சிக்கல். அங்கே 50, 60 பவுண்டு தாங்கும் நரம்பைக் கையில் சுற்றி, மீனுக்கு இடம் கொடுக்காமல் இழுத்துப் போடுவதுதான் திறமை. இங்கே தெளிந்த ஆற்று நீரில் ஸ்டீல்ஹெட்டுக்குப் போடும் லீடர் 6 முதல் 8 பவுண்டுதான். அந்தக் கைப்பழக்கம் இங்கே முதல் பாய்ச்சலிலேயே மீனைத் தொலைத்துவிடும்.

டிராக்கைக் கை நிதானத்தில் வைக்காதீர்கள், அளந்து வையுங்கள். விமானத்துக்குப் பெட்டி கட்டும்போது எடை பார்க்கும் கைத்தராசு அநேகமாக எல்லா வீட்டிலும் இருக்கும். அது போதும். நரம்பை எல்லா வளையங்கள் வழியாகவும் கோர்த்து நுனியைத் தராசுக் கொக்கியில் கட்டுங்கள். ஒருவர் தராசைப் பிடித்துக்கொள்ளட்டும். நீங்கள் மீனோடு மல்லுக்கட்டும்போது பிடிப்பது போலக் கோலைச் சாய்வாகத் தூக்கி வளையுங்கள். ரீல் நரம்பை விடத் தொடங்கும்போது தராசு காட்டும் எடைதான் உங்கள் உண்மையான டிராக். ரீலிலிருந்து நேரே இழுத்துப் பார்த்தால் குறைவாகக் காட்டும், ஏனென்றால் வளைந்த கோலில் வளையங்களின் உராய்வும் சேர்ந்துகொள்கிறது.

எவ்வளவு வைப்பது? உங்கள் நரம்பு வரிசையில் எது மிகப் பலவீனமோ அதன் அறுபலத்தில் நாலில் ஒரு பங்கு, கூடிப்போனால் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கீழே. 8 பவுண்டு லீடர் என்றால் சுமார் 3.6 கிலோ. அதற்கு டிராக் 0.9 முதல் 1.1 கிலோ வரை. 12 பவுண்டு லீடருக்கு 1.4 முதல் 1.6 கிலோ. ரீலில் 30 பவுண்டு பின்னல் நரம்பு சுற்றியிருப்பதால் மொத்தமும் 30 பவுண்டு தாங்கும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். லீடர் எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் கணக்கு.

இவ்வளவு குறைவாக வைத்தால் மீன் ஓடிவிடாதா என்று கேட்பீர்கள். ஓடும், ஓட விடுங்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். மீன் ஓட ஓட ஸ்பூலில் (ரீலில் நரம்பு சுற்றியிருக்கும் உருளை) நரம்பு குறையும், சுற்றின் விட்டம் சிறுக்கும். விட்டம் பாதியானால் அதே டிராக் அமைப்பில் நரம்பின் மேல் விழும் சுமை இரண்டு மடங்காகும். போதாததற்கு, ஆற்றின் குறுக்கே நீண்டு கிடக்கும் நரம்பை நீரோட்டம் தள்ளுவதும் ஒரு சுமை. ஆகவே மீன் தூரமாகப் போகிறதே என்று பதறி டிராக்கை இறுக்குவதுதான் இருப்பதிலேயே மோசமான காரியம். தேவைப்பட்டால் அந்த நேரத்தில் சற்றுத் தளர்த்தத்தான் வேண்டும். கூடுதல் அழுத்தம் வேண்டுமென்றால் ஸ்பூலின் விளிம்பில் விரலை லேசாக வையுங்கள். மீன் பாய்ந்தால் விரலை உடனே எடுத்துவிடலாம், திருகைத் தேட வேண்டியதில்லை.

அளவு சரியாக இருந்தும் அறுகிறதா? அப்படியானால் டிராக் விக்கி விக்கிச் சுற்றுகிறதா பாருங்கள். தராசில் இழுக்கும்போது எண் நிலையாக நிற்காமல் எகிறிக் குதித்தால் உள்ளே இருக்கும் தகடுகள் அழுக்கடைந்தோ காய்ந்தோ இருக்கின்றன. பருவம் முடிந்ததும் டிராக் திருகைத் தளர்த்தி வைக்காவிட்டால் தகடுகள் அழுந்தி ஒட்டிக்கொள்ளும். சுத்தம் செய்து, ரீலைச் செய்த நிறுவனம் சொல்லும் கிரீஸைப் போடுங்கள்.

முள் திரும்பி வந்தது, ஆனால் நிமிர்ந்திருக்கிறது

நரம்பு தாங்கியது, முள் தாங்கவில்லை. மெல்லிய கம்பி முள் ஸ்டீல்ஹெட்டுக்கு இரையாகப் போடும் மீன்முட்டைப் பொதிக்குப் பொருந்தும். ஷினூக் ஏறும் ஆற்றில் அதே முள்ளைப் போட்டால் நிமிரத்தான் செய்யும். தடித்த கம்பியில் அடித்த முள்ளுக்கு மாறுங்கள்.

ஏரித் துறைமுகச் சுவர்களிலிருந்து ஸ்பூன் (கரண்டி வடிவ உலோகப் போலி இரை) எறிபவர்கள் அதில் வரும் மூமுனை முள்ளைக் கழற்றிவிட்டு, பலமான ஒற்றை முள் போடுவது நல்லது. மூமுனையில் ஒன்று ஏறி மற்றொன்று மீனின் தாடைக்கு வெளியே முட்டுக்கொடுத்தால் மீன் தலையை உதறும்போது நெம்பி விடுவித்துக்கொள்ளும். ஒற்றை முள்ளுக்கு அந்த வாய்ப்பில்லை, மீனை விடுவிப்பதும் சுலபம்.

முள் நன்றாக இருக்கிறது, நரம்பும் நன்றாக இருக்கிறது, மீன் மட்டும் இல்லை

இங்கே எப்போது போனது என்பதுதான் கேள்வி.

மாட்டிய சில விநாடிகளிலேயே போனால் முள் ஆழமாக ஏறவில்லை. முள் முனையைக் கட்டைவிரல் நகத்தின் மேல் சாய்த்து வைத்து மெல்ல நகர்த்துங்கள். நகத்தில் கீறி நிற்க வேண்டும். வழுக்கினால் முனை மழுங்கிவிட்டது. ஒரு முறை கல்லில் உரசினாலே மழுங்கும், ஆகவே சிறு அரம் ஒன்று சட்டைப்பையில் இருக்கட்டும். முனை கூராக இருந்தும் இப்படி ஆனால் நரம்பு தொய்ந்து கிடந்ததுதான் காரணம். மிதவைக்கும் கோல் நுனிக்கும் நடுவில் நரம்பு தொய்ந்து தண்ணீரில் வளைந்து கிடந்தால் நீங்கள் சுண்டும் விசை அந்த வளைவை நேராக்கவே செலவாகிவிடும். மிதவை போகும் வழியிலேயே கோல் நுனியைக் கொண்டுபோங்கள், தொய்வை அவ்வப்போது தூக்கிச் சரிசெய்யுங்கள். சுண்டும்போது வானத்தைப் பார்க்கச் சுண்டாமல், நீரோட்டம் போகும் பக்கமாகச் சாய்த்து இழுங்கள். மீன் நீரோட்டத்தை எதிர்த்துப் பார்த்து நிற்பதால் முள் வாயின் ஓரத்துக்கு வந்து சேரும். அதைவிட உறுதியான பிடி வேறில்லை.

துள்ளும்போது போனால் கோலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறீர்கள். ஸ்டீல்ஹெட் நீருக்கு மேலே எழும்பித் தலையை உதறும். தண்ணீரில் இருக்கும்போது அதன் வேகத்தைத் தண்ணீர் மட்டுப்படுத்துகிறது, காற்றில் அது கிடையாது. இறுகிய நரம்பு மேல் முழு உடலும் விழுந்தால் முள் பிய்ந்துகொண்டு வரும், இல்லையென்றால் லீடர் போகும். நரம்பு நீரைக் கிழித்துக்கொண்டு மேலே ஏறுவது தெரிந்ததும் கோல் நுனியை மீனை நோக்கித் தாழ்த்துங்கள். விழுந்ததும் மறுபடி வளைத்துப் பிடியுங்கள். நுனியைத் தாழ்த்தினால் போதும், கையை முற்றிலும் தளரவிட்டு நரம்பைத் தொய்ய விடாதீர்கள்.

சில நிமிடம் கழித்து, சண்டை நடுவில் காரணமே தெரியாமல் கழன்றால் கோலின் தன்மையைப் பார்க்க வேண்டும். பின்னல் நரம்பு நீளாது. சாதாரண நைலான் அறுவதற்கு முன் ஐந்தில் ஒரு பங்காவது நீண்டு கொடுக்கும். நீளாத நரம்பும் விறைத்த கோலும் சேர்ந்தால் மீனின் ஒவ்வொரு தலையுதறலும் அப்படியே முள்ளில் போய் அடிக்கும். முள் இருக்கும் துளை கொஞ்சம் கொஞ்சமாக அகன்று கடைசியில் கழன்றுவிடும். ஸ்டீல்ஹெட்டின் வாய் மென்மையானது, ஆகவே அதில் இது சீக்கிரம் நடக்கும். தடித்த கோல் வாங்கியும் இழப்பு கூடியது என்பவர்களின் கதை பெரும்பாலும் இதுதான்.

இழுத்த பக்கமெல்லாம் போகிறது, நிறுத்தவே முடியவில்லை

முதலில் நிற்கும் இடத்தை மாற்றுங்கள். மீன் உங்களுக்குக் கீழே, நீரோட்டம் போகும் பக்கம் இருந்தால் மீனோடு சேர்த்து ஆற்றையும் இழுத்துக்கொண்டிருக்கிறீர்கள். கரையோரமாக நடந்து மீனுக்கு நேராகவோ அதற்குக் கீழேயோ போய்விட வேண்டும். அப்போது மீன் உங்கள் நரம்போடும் மல்லுக்கட்ட வேண்டும், ஓட்டத்தோடும் மல்லுக்கட்ட வேண்டும். ஆற்றில் இறங்கி ஓடாதீர்கள். மார்ச் மாதத்து நீர் உறையும் குளிரில் இருக்கும், கல் வழுக்கும். கீழே தொடர்ந்து போக வழியில்லை என்றால் பழைய கைகாரர்கள் செய்யும் ஒரு வழி உண்டு. சில அடி நரம்பைத் தளர்த்தி விட்டால் அது மீனைத் தாண்டிக் கீழே வளைந்து போகும். இழுப்பு கீழிருந்து வருவதாக நினைத்து மீன் மேல்நோக்கித் திரும்பும். எப்போதும் பலிக்காது, ஆனால் அறுத்துக்கொண்டு போவதற்கு இது மேல்.

அடுத்து, கோலைப் பிடிக்கும் திசை. உயர்த்திப் பிடித்தால் மீனின் தலை மேலே வரும், அவ்வளவுதான். பக்கவாட்டில் தாழ்த்தி, மீன் போகும் திசைக்கு எதிராக இழுத்தால் அதன் தலை திரும்பும், உடல் நிலைகுலையும். மீன் வலது பக்கம் போனால் கோல் இடது பக்கம், அது திரும்பினால் நீங்களும் மாற்றுங்கள். ஒரே பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தால் அது பழகிக்கொள்ளும். சுற்றும்போது கோலை இழுத்துத் தூக்கி, பிறகு தாழ்த்திக்கொண்டே சுற்றுங்கள். டிராக் வழுக்கிக்கொண்டிருக்கும்போது கைப்பிடியைச் சுற்றினால் ஒரு அங்குலம்கூட வராது, நரம்பு முறுக்கேறுவதுதான் மிச்சம்.

இவை எல்லாம் செய்தும் மீன் கல் கட்டினது போல, தலையுதறலே இல்லாமல் ஒரே கனமாகப் போகிறதா? வாயில் மாட்டியிருந்தால் ‘டொக், டொக்’ என்று தலையை உதறுவது கோலில் தெரியும். அது இல்லையென்றால் முள் முதுகிலோ வாலிலோ ஏறியிருக்கிறது. சால்மன் நெருக்கமாக நிற்கும் செப்டம்பரில் இது அடிக்கடி நடக்கும். வாய்க்கு வெளியே மாட்டிய மீனை ஒன்டாரியோவில் வைத்துக்கொள்ளக் கூடாது, உடனே விட்டுவிட வேண்டும். வேண்டுமென்றே அப்படிக் கொளுவி இழுப்பது குற்றம். கோலை மீனுக்கு நேராக நீட்டி, ஸ்பூலை அழுத்திப் பிடித்து நரம்பை அறுத்துவிடுங்கள். அதோடு மல்லுக்கட்டி அரை மணி நேரம் மீனையும் வதைத்து உங்களையும் வதைத்துக்கொள்ள வேண்டாம். உரிமம், அந்தந்த ஆற்றில் எந்தப் பகுதி எப்போது மூடியிருக்கும் என்பதெல்லாம் ஒவ்வோர் ஆண்டும் மாகாண அரசு வெளியிடும் விதிமுறைத் தொகுப்பில் இருக்கும். போகுமுன் அந்த ஆண்டுக்கானதைப் பார்த்துவிடுங்கள்.

சரி, கோல்தான் பொருந்தவில்லை என்று உறுதியானால்

மேலே சொன்னவை எல்லாம் சரியாக இருந்தும் முள் கழன்றுகொண்டே இருந்தால் கோல் விறைப்பு. மீனைத் திருப்பவே முடியவில்லை என்றால் கோல் மெத்தனம். இப்போதுதான் கடைக்குப் போகும் நேரம்.

கைப்பிடிக்குச் சற்று மேலே சிறிய எழுத்தில் எழுதியிருப்பதைப் படியுங்கள். நீளம், எத்தனை பவுண்டு நரம்புக்கு ஏற்றது, எவ்வளவு எடை எறியலாம், வலு, வளையும் விதம் எல்லாம் அங்கே இருக்கும். வலுவும் வளையும் விதமும் வேறு வேறு. வலு என்பது வளைக்க எவ்வளவு விசை வேண்டும் என்பது. வளையும் விதம் என்பது எந்த இடத்தில் வளைகிறது என்பது. வேகக் கோல் நுனிப்பக்கம் மூன்றில் ஒரு பங்கில் மட்டும் வளையும். மிதக் கோல் பாதிவரை வளைந்து கொடுக்கும். மெல்லிய லீடரும் பின்னல் நரம்பும் போடுபவருக்கு மித வளைவு வேண்டும். அந்த வளைவுதான் தலையுதறலை விழுங்கிக்கொள்கிறது.

எழுதியிருப்பதை மட்டும் நம்பாதீர்கள், ஒரு நிறுவனத்தின் ‘மீடியம்’ இன்னொன்றின் ‘மீடியம் ஹெவி’யாக இருக்கும். உங்கள் ரீலைக் கடைக்குக் கொண்டுபோங்கள். கோலில் மாட்டி நரம்பை வளையங்களில் கோர்த்து, கூட வந்தவரை நுனியைப் பிடித்து மெதுவாக இழுக்கச் சொல்லுங்கள். எங்கே வளைகிறது, அடிப்பகுதியில் இன்னும் பலம் மிச்சமிருக்கிறதா என்று பாருங்கள். கோலின் நுனியைக் கையால் பிடித்து வளைக்காதீர்கள், கிராஃபைட் கோல் அப்படித்தான் முறியும்.

நீளத்தைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. நீளமான கோல் அதிக பலம் தரும் என்று நினைக்கிறார்கள். நடப்பது தலைகீழ். கோல் ஒரு நெம்புகோல், அதில் சாதகமான முனை மீனிடம் இருக்கிறது. நீளம் கூடக்கூட உங்கள் கைக்குச் சுமை கூடும், மீன் மேல் விழும் அழுத்தம் குறையும். அதே தராசை எடுத்துக் கோலைச் செங்குத்தாக உயர்த்தி எவ்வளவு இழுக்க முடிகிறது என்று பாருங்கள். கை நடுங்க இழுத்தாலும் எண் ஏமாற்றமாகத்தான் இருக்கும். நீளமான கோலின் பயன் வேறு. நரம்பை நீருக்கு மேலே தூக்கிப் பிடிக்கலாம், மிதவையை ஒழுங்காக ஓட்டலாம், நீண்ட வளைவு மெல்லிய லீடரைக் காப்பாற்றும்.

ஆகவே என் தேர்வு இது. மிதவை கட்டி ஸ்டீல்ஹெட் பிடிக்க 11 முதல் 13 அடிக் கோல், 6–10 அல்லது 8–12 பவுண்டு நரம்புக்கு ஏற்றது. அதை வைத்துக்கொண்டு செப்டம்பரில் ஷினூக் கூட்டத்துக்குள் போகாதீர்கள். ஆற்று ஷினூக்குக்கு 9 முதல் பத்தரை அடி, 10–20 பவுண்டு, அடிப்பகுதி உறுதியானது, லீடர் 12 முதல் 15 பவுண்டு. துறைமுகச் சுவரில் ஸ்பூன் எறிய அதே கோல் ஓடும், ஆனால் ரீலில் 200 கெஜத்துக்குக் குறையாமல் 30 பவுண்டு பின்னல் நரம்பு இருக்கட்டும், திறந்த ஏரியில் ஷினூக்கின் பின்னால் நடந்து போக முடியாது. ஒரே ஒரு கோல்தான் வாங்க முடியும் என்றால் ஒன்பதரை அடி, மிதமான வலு, மித வளைவு, 8–14 பவுண்டு. இரண்டு வேலைக்கும் நூறு சதவீதம் பொருந்தாது, இரண்டிலும் கைவிடவும் செய்யாது.

பணம் குறைவாக இருந்தால் கோலில் மிச்சம் பிடியுங்கள், ரீலில் பிடிக்காதீர்கள். சாதாரணக் கோலும் சீராக வழுக்கும் டிராக்கும் சேர்ந்தால் மீன் வரும். உயர்ந்த கோலும் விக்கும் டிராக்கும் சேர்ந்தால் வராது.

கரைக்கு வந்த மீன் கடைசி நேரத்தில் போகிறது

கோல் நீளத்தைவிட நரம்பு குறைவாக இருக்கும் கட்டம் இது. நீளும் நரம்பு கொஞ்சம்தான் மிச்சம், ஆகவே ஒரு சிறு உதறலும் முழு அடியாக விழும். வலையைக் கண்டதும் மீன் இன்னொரு தடவை பாயும், இது நிச்சயம் நடக்கும் என்று எதிர்பார்த்து நில்லுங்கள். டிராக்கைச் சற்றுத் தளர்த்தி, விரலால் ஸ்பூலைக் கட்டுப்படுத்துங்கள்.

கைவலையை மீனை நோக்கி வீசாதீர்கள். தண்ணீருக்குள் அசையாமல் ஆழ்த்தி வைத்துக்கொண்டு, மீனின் தலையை மேலே கொண்டுவந்து, தலை முதலில் வலைக்குள் போகுமாறு அதன் மேல் நடத்துங்கள். வால் பக்கமாக வலை பட்டால் மீன் முன்னால் பாயும், தலை உள்ளே போனபின் பாய்ந்தால் வலைக்குள்ளேதான் பாயும். நண்பர் வலை பிடித்தால் யார் சொல்லி யார் தூக்குவது என்பதை முன்பே பேசிக்கொள்ளுங்கள். கடைசி நேரத்தில் யாரும் லீடரைக் கையால் பிடிக்கக் கூடாது. பிடித்த கணத்தில் கோலும் இல்லை, டிராக்கும் இல்லை, 8 பவுண்டு நரம்பு நேராக மீனோடு மோதுகிறது.

வலை இல்லையென்றால் சரிவான கரையாகப் பார்த்து, மீன் பக்கவாட்டில் சாயும்வரை காத்திருந்து, பிறகு நீங்கள் பின்னால் நடந்து அதை ஆழமில்லாத நீருக்குக் கொண்டுவாருங்கள். விடப்போகிற மீனை உலர்ந்த கல்லில் இழுக்காதீர்கள். ஆற்று நீரின் வெப்பம் 20 பாகை செல்சியஸைத் தாண்டியிருந்தால் ட்ரவுட்டை அன்றைக்கு விட்டுவிடுங்கள். நீண்ட சண்டைக்குப் பின் விடுவித்தாலும் அது பிழைப்பது கடினம்.

கோலே முறிந்தது

மீன் முறிப்பது அபூர்வம். ஈயக்குண்டு எறியும்போது பட்ட அடி, காரின் கதவு, கல்லில் விழுந்த கீறல் என்று முன்பே உண்டான காயம் சுமை ஏறியதும் முறிகிறது. இன்னொரு காரணம், மீன் காலடியில் இருக்கும்போது கோலைத் தோளுக்குப் பின்னால் சாய்ப்பது. அப்போது முழுச் சுமையும் மெல்லிய நுனியில் விழும். கைவலைக்காக நெருங்கும்போது கையை நீட்டிப் பின்னால் கொண்டுபோங்கள், கோல் சாய்வு தலைக்கு மேலே நேராக நிற்பதைத் தாண்ட வேண்டாம். முள் கல்லில் மாட்டினால் கோலை வளைத்து விடுவிக்கப் பார்க்காதீர்கள். கோலை நேராக நீட்டி, நரம்பை ஒரு குச்சியில் சுற்றி இழுங்கள். பின்னல் நரம்பைக் கையில் சுற்றினால் விரலை அறுக்கும்.

இரு துண்டுக் கோலில் இணைப்பு எறிய எறியத் தளரும். தளர்ந்த இணைப்பில்தான் பல கோல்கள் பிளக்கின்றன. அவ்வப்போது முறுக்கிச் சரிபாருங்கள், கொஞ்சம் மெழுகு தேய்த்தால் நழுவாமல் நிற்கும்.

குளிர்காலத்தில் மட்டும் அறுகிறது

நவம்பருக்குப் பின் வளையங்களில் பனிக்கட்டி கட்டும். நுனி வளையம் அடைபட்டால் டிராக் எவ்வளவு நன்றாக இருந்தும் நரம்பு வெளியே போகாது, முதல் பாய்ச்சலிலேயே அறும். கட்டியை விரலால் உடைக்காதீர்கள், உள்வட்டமும் சேர்ந்து வரும். கோல் நுனியைச் சில விநாடி தண்ணீரில் முக்கி வையுங்கள், கரைந்துவிடும். உதட்டுக்குப் பூசும் பாமை வளையங்களில் தடவினால் கட்டி சீக்கிரம் கட்டாது. ரீலைத் தண்ணீரில் நனைய விடாதீர்கள். உள்ளே போன நீர் உறைந்து டிராக்கைப் பூட்டிவிடும், வெளியே பார்த்தால் தெரியாது. மீன் எதுவும் படாமல் நெடுநேரம் போனால் அடுத்து எறியும் முன் ஓரடி நரம்பைக் கையால் உருவிப் பாருங்கள். வழுக்கி வரவில்லை என்றால் ரீலைக் கழற்றிச் சட்டைக்குள் வைத்துக் கதகதப்பாக்கிக்கொண்டு மறுபடி மாட்டுங்கள்.